கூலி கேளாத விருந்தாளி



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் விருந்தோம்பல். "இதென்ன புதுப் பாடம்? விருந்தாளிக்குச் சோறு போடத் தெரியாதவன் நம்மில் யார்?" என்று சிலர் கேட்கக்கூடும். சென்ற வருஷம் வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அது பாதிப் பாடம்தான் என்பதை ஒரு குடும்பம் வந்து நமக்குக் கற்றுக்கொடுத்தது. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர நமக்கு வேறு படிப்பில்லை. ஆலிம்களைப் போல எழுத நமக்கு வராது. ஓதியதில் ஞாபகம் இருப்பதையும் கடையில் நடந்ததையும் சேர்த்துவைத்துச் சொல்லுகிறோம். பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்தட்டும்.

வருகிறவர்களில் எத்தனை வகை?

பினாங்கில் இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் பகுதியிலே, லெபோ பாசாரை நம் பெரியவர்கள் கடைத்தெரு என்றே சொல்வார்கள். இங்கே கல்லாப்பெட்டிக்கு முன் உட்கார்ந்திருப்பவனுக்கு, வருகிற மனிதரை வகை பிரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவது, சாமான் வாங்க வருகிறவர். இரண்டாவது, உல்லாசப் பிரயாணிகள். 2008ம் வருஷம் ஜூலை 7ந் தேதி ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரங்களில் ஒன்றாக யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டதிலிருந்து இவர்கள் பெருகிவிட்டார்கள். மல்லி மூட்டையைப் படம் எடுப்பார்கள், மல்லி வாங்கமாட்டார்கள். மூன்றாவது, ஊரிலிருந்து வரும் உறவினர். நான்காவது, ரசீதுப் புத்தகத்துடன் வரும் வசூல்காரர். முதல் வகைக்குச் சிரிப்பு, இரண்டாவது வகைக்குப் பொறுமை, மூன்றாவது வகைக்குச் சோறு, நான்காவது வகைக்குச் சில்லறை என்று நாம் கணக்கு வைத்திருந்தோம்.

சென்ற வருஷம் ஐந்தாவது வகை ஒன்று வந்தது. நம் கடைக்கு இரண்டு கடை தள்ளி மேல்மாடியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குடிவந்தது. நியூசிலாந்துக்காரர்கள். கணவர் தச்சு வேலை தெரிந்தவர், மனைவி தாதி. பன்னிரண்டு வயதில் ஒரு மகள். ஒன்பதும் ஆறுமாக இரண்டு பையன்கள். ஊருக்கு வெளியே, நடக்க முடியாத பிள்ளைகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் ஆறு மாதம் வேலை செய்ய வந்திருந்தார்கள். சம்பளம் இல்லை, சொந்தக் காசில் கப்பல் ஏறியவர்கள், இல்லை, விமானம் ஏறியவர்கள் என்று சொல்லவேண்டும். பழக்கதோஷத்தால் நமக்குக் கப்பல் என்றே வருகிறது.

முதலில் நாம் நம்பவில்லை. சம்பளம் வாங்காமல் ஒருவன் குடும்பத்தோடு கடல் தாண்டி வருவானா? மதம் மாற்ற வந்திருப்பானோ, வேறு ஏதும் காரியம் இருக்குமோ என்று அஞ்சடியில் நின்று நாலு பேர் பேசினோம். அரிசியும் பருப்பும் கேட்டு வந்தால் நிறுத்துக் கொடுத்தோம். காசை எண்ணி வாங்கினோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தச் சந்தேகம் நம் முதல் குற்றம். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

பெருங்காயம் செய்த வேலை

பெரியவர்கள் கட்டிய சுவரைச் சின்னவர்கள் உடைத்தார்கள். ஒரு நாள் அந்த ஆறு வயதுப் பையன், பெருங்காயக் கட்டி வைத்திருந்த டப்பாவைத் திறந்து, மிட்டாய் என்று நினைத்து ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டான்! பிறகு கேட்க வேண்டுமா? கடையைச் சுற்றி ஓடுகிறான். கண்ணில் நீர் வழிகிறது. கடைப்பையன் தண்ணீர்ச் செம்போடு பின்னால் ஓடுகிறான். நம் மகன் சாக்குமேல் விழுந்து புரண்டு சிரித்தான். தகப்பனார் கோபிப்பாரோ என்று நாம் பயந்தோம். அவரோ மகனைவிட அதிகமாகச் சிரித்தார்.

மறுநாள் அந்தப் பையன் பழிவாங்க வந்தான். ரொட்டியில் தடவித் தின்னும் ஒரு கறுப்புப் பசையைக் கொண்டுவந்து நம் மகனிடம் நீட்டினான். முதலில் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று புட்டியில் படித்துப் பார்த்துக்கொண்டோம். பிறகு நம் மகன் ஒரு விரல் அளவு தொட்டு நாவில் வைத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உப்பு மூட்டையையே விழுங்கியவன்போல் ஆகிவிட்டான். அன்றோடு கணக்குச் சரியாகிவிட்டது என்று இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நம் வீட்டில் அந்தப் பிள்ளைகள் இல்லாத மாலைப்பொழுது குறைவு.

எங்களை என்ன சொல்லி அழைப்பது என்று பிள்ளைகள் கேட்டார்கள். "மாமா என்று சொல்லுங்கள்" என்றோம். உடனே பெரியவன், "ஓகோ! அதனால்தான் ஊரெல்லாம் மாமாக் கடை என்று சொல்கிறார்களா? அத்தனை கடையும் உங்களுடையதா?" என்று கேட்டான். எதிர்க்கடை முதலாளி இன்றுவரை நம்மைப் பார்த்தால், "பினாங்கு முழுக்கக் கடை வைத்திருக்கிறவரே, சௌக்கியமா?" என்கிறார். மாமா என்ற நம் தமிழ்ச் சொல்தான் மலாய்க்காரர் வாயில் மாமாக் என்று ஆயிற்று என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தோம். சிலர் அதை இளப்பமாகச் சொல்வதுண்டு. அந்தப் பிள்ளைகள் சொன்னபோது அது மறுபடியும் உறவுச் சொல் ஆகிவிட்டது.

நம் உம்மாவின் சங்கதியையும் சொல்ல வேண்டும். உம்மா கடையநல்லூரிலிருந்து 1978ல் 'சிதம்பரம்' கப்பலில் வந்து இறங்கியவர்கள். தமிழ் தவிர வேறு பாஷை நாக்கில் ஏறவில்லை. அந்த நியூசிலாந்துப் பெண்பிள்ளைக்கோ தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. இருவரும் நடுவில் பல்லாங்குழியை வைத்துக்கொண்டு, புளியங்கொட்டையைப் போட்டு எடுத்து, மணிக்கணக்காக ஆடுவார்கள். மலாய்க்காரர் வீட்டுச் சொங்காக்கும் நம் பல்லாங்குழியும் பங்காளிகள்தான். ஆகவே அந்தப் பெண் பள்ளியில் கொஞ்சம் பழகியிருந்தாள். உம்மா கொட்டையை மடியில் ஒளித்துவைத்து ஏமாற்றப் பார்ப்பார்கள், அவள் கண்டுபிடித்துக் கையைப் பிடிப்பாள், இருவரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் உம்மா சொன்னார்கள்: "நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் மூன்று மாதம் என்னோடு உட்கார்ந்து பேச ஆளில்லை. உன் வாப்பா விடிந்தால் கடை, இருட்டினால் கடை. பக்கத்து வீட்டு மலாய்க்காரி ஒருத்திதான் வந்து சொங்காக்குப் பலகையை என் முன்னால் வைத்தாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் இந்த ஊர் என் ஊராச்சு." இத்தனை வருஷத்தில் உம்மா நம்மிடம் இதைச் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

உறையில் வைத்த தர்மம்

இனி நம் இரண்டாவது குற்றத்தைச் சொல்கிறோம். சிநேகம் முற்றிய பிறகு, இவர்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று தோன்றியது. வியாபாரிக்குத் தெரிந்த வழி எது? ஓர் உறையில் பணத்தை வைத்து, "இல்லத்துப் பிள்ளைகளுக்கு" என்று எழுதிக் கடைப்பையனிடம் கொடுத்தனுப்பினோம். சாயங்காலம் அந்த மனிதர் நேரில் வந்தார். பணத்தை இல்லத்து நிர்வாகியிடம் சேர்த்துவிட்டதாக ரசீதைக் கொடுத்து, மிகவும் நன்றி சொன்னார். பிறகு தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டார்: "ஒரு நாள் நீங்களும் வாருங்களேன். அங்கே ஒரு பையன் இருக்கிறான். தமிழ்தான் பேசுவான். எங்களால் அவனோடு பேச முடியவில்லை."

நாம் உடனே, "கடை இருக்கிறதே!" என்றோம்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வற்புறுத்தவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நம் மகன், தன் அக்காளிடம் மெல்லச் சொன்னது நம் காதில் விழுந்தது. "ராத்தா, எனக்கும் வாப்பா இதைத்தான் சொல்லுவாக."

சகோதரர்களே! இருபது வருஷமாகக் கடை நடத்துகிறோம். கடன்காரன் பேச்சும் கேட்டிருக்கிறோம், அதிகாரி பேச்சும் கேட்டிருக்கிறோம். இந்தப் பேச்சைப் போல எதுவும் நம்மைச் சுட்டதில்லை. அன்றிரவு இஷாவுக்குப் பின் கணக்கேட்டை எடுத்து உட்கார்ந்தோம். ஒரு வரியும் ஓடவில்லை. ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம்; ஸதகாவும் கொடுக்கிறோம்; எல்லாம் கல்லாவிலிருந்து போகிறது. நம்மிடத்திலிருந்து ஏதாவது போகிறதா? இதுதான் அன்று எழுந்த கேள்வி. இந்தப் பாடமும் அதற்காகத்தான்.

சந்தையில் ஒரு வேடிக்கை

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதை நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் விசேஷ உபசாரம். மூன்று நாள் விருந்து. அதற்கு மேல் செய்வதெல்லாம் தர்மக் கணக்கில் சேரும் என்பது ஹதீதின் கருத்து. அபூதல்ஹா (ரலி) அவர்கள் வீட்டில் உணவு போதாத ஓர் இரவில், விளக்கை அணைத்துவிட்டுத் தாங்கள் உண்பதுபோல் பாவனை செய்து, விருந்தாளியை வயிறார உண்ண வைத்த சரித்திரமும் நாம் அறிந்ததே. இவை சோற்றைப் பற்றிய பாடங்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த பாதி.

தெரியாத பாதி, ஸாஹிர் (ரலி) அவர்களின் சரித்திரத்தில் இருக்கிறது. இவர் பாலைவனவாசி; பார்வைக்கு அழகில்லாதவர் என்று சொல்லப்படுகிறது. மதீனா வரும்போதெல்லாம் நாட்டுப்புறப் பொருள்களை நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். திரும்பும்போது பட்டணத்துப் பொருள்களைக் கொடுத்து நாயகம் அவர்கள் அனுப்பிவைப்பார்கள். ஒரு நாள் ஸாஹிர் சந்தையில் நின்று வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார். நாயகம் அவர்கள் ஓசைப்படாமல் பின்னால் வந்து அவரை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யார் என்று தெரியாமல் அவர் திமிறுகிறார். தெரிந்ததும் விலகவில்லை, இன்னும் சாய்ந்துகொள்கிறார். இந்த அடிமையை வாங்குவோர் உண்டா என்று நாயகம் அவர்கள் சந்தையில் வேடிக்கையாகக் கூவுகிறார்கள். என்னை விற்றால் விலை போகாதே என்று அவர் சொல்ல, அல்லாஹ்விடத்தில் நீர் மலிவான சரக்கல்லவே என்று அவர் உள்ளம் குளிரச் சொன்னார்கள்.

வியாபாரிகளாகிய நாம் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இது நடந்த இடம் பள்ளிவாசல் அல்ல; சந்தை. நடந்த நேரம் ஓய்வு நேரம் அல்ல, வியாபார நேரம். பொருளுக்குப் பொருள் முன்பே கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேலே, நேரத்தையும் சிரிப்பையும் கொடுத்தார்கள். தன்னைச் சரக்கென்று எண்ணிக் குறைந்துபோயிருந்த ஒருவரின் மதிப்பை, ஒரு விளையாட்டினால் உயர்த்தினார்கள்.

மற்றொன்று. ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு விளையாடினார்கள். உமர் (ரலி) அவர்கள் தடுக்கப் போனபோது, அவர்களை விட்டுவிடும்படி நாயகம் அவர்கள் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், நாயகம் அவர்களின் பின்னால் நின்று அந்த விளையாட்டைப் பார்த்தார்கள். பார்த்தது போதும் என்று அன்னையாருக்கே தோன்றும் வரை நாயகம் அவர்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சமூகத்தையே நடத்திய தலைவருக்கு வேலை இல்லாமலா இருந்திருக்கும்? நமக்கு மட்டும்தானா கடை இருக்கிறது?

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூஉமைர் வளர்த்த குருவி இறந்தபோது, அந்தப் பிள்ளையிடம் குருவியைப் பற்றி விசாரித்து, பெயரோடு ஓசை இயையும்படி விளையாட்டாகப் பேசிய செய்தியும் ஹதீதில் உண்டு. குருவிக்காகத் துக்கப்பட்ட பிள்ளைக்கும் நேரம் கொடுத்தார்கள் என்பதே அதன் சாரம்.

வேறு மார்க்கத்தார் அல்லவா?

"ஸாஹிர் முஸ்லிம், வந்தவர்கள் வேறு மார்க்கத்தார். இரண்டும் ஒன்றா?" என்று நம் சிநேகிதர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். திருமறையின் அறுபதாவது அத்தியாயத்தில் இதற்கு விடை இருக்கிறது. மார்க்கத்தின் பொருட்டு நம்மோடு போர் செய்யாமலும், நம்மை வீட்டை விட்டு வெளியேற்றாமலும் இருப்போர்க்கு நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அங்குள்ள கருத்து.

சரித்திரத்தையும் பாருங்கள். கி.பி. 615ல் மக்காவில் கொடுமை தாங்காமல் ஒரு கூட்டத்தார் அபிசீனியாவுக்குப் போனார்கள். அடைக்கலம் கொடுத்த அரசர் நஜ்ஜாஷி அப்போது கிறிஸ்தவர். பிடித்துக் கொடுக்கும்படி மக்கத்தார் வெகுமதியோடு வந்து கேட்டும் அவர் இணங்கவில்லை. அவர்களில் சிலர் 628 வரை அங்கேயே வாழ்ந்தார்கள். அதாவது, இஸ்லாம் மார்க்கத்தார் முதன்முதலில் அந்நிய நாட்டில் விருந்தாளிகளாக இருந்ததே ஒரு கிறிஸ்தவர் நாட்டில்தான். அந்த நன்றி நமக்கு மறக்கலாமா?

மேலும், இந்த ஊரில் நாம் யார்? 1801ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அடிகோலிய காதர் முகைதீன் அவர்கள் முதல், 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துவந்த நம் பாட்டன்மார் வரை, எல்லாரும் வந்தேறியவர்கள்தான். யாரோ ஒருவர் திண்ணையில் இடம் கொடுத்தார். யாரோ ஒருவர் கடனுக்குச் சரக்குக் கொடுத்தார். அதனால் வேர் பிடித்தோம்.

கூலியில்லாமல் வேலை செய்ய வருகிறவர்களும் இந்த நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். 1958ல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன், மோரா டிக்சன் என்ற கணவனும் மனைவியும் தொண்டர் சபை ஒன்றைத் துவக்கி, இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். முதன்முதலில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் சரவாக்கும் ஒன்று. 1961ல் ஜனாதிபதி கென்னடி அமெரிக்காவில் அமைதிப் படையைத் துவக்கினார். 1962ல் அதன் தொண்டர்கள் மலாயாவுக்கு வந்தார்கள். 1983ல் அப்பணி முடியும் வரை 4,000க்கும் மேற்பட்டவர்கள் ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் கிராமப் பணியாளராகவும் இந்நாட்டில் உழைத்தார்கள். இப்போது நம் நாட்டாரே வெளியே போகிறார்கள். 1999ல் துவங்கிய மெர்சி மலேசியா வைத்தியர்களையும் தொண்டர்களையும் பல நாடுகளுக்கு அனுப்பிவருகிறது. 2004 டிசம்பர் 26ந் தேதி கடல் பொங்கியபோது, இந்நாட்டில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் நம் பினாங்குத் தீவில் இறந்தார்கள். அதே அலை நம் நாகப்பட்டினத்தையும் அழித்தது. அந்நாளில் எங்கும் ஓடிவந்து பிணம் எடுத்தவரும் கஞ்சி ஊற்றியவரும் கூலி கேட்டவர்கள் அல்லர். அவரிடம் போய் உன் மார்க்கம் எது என்று யாராவது விசாரித்ததுண்டா?

வேடிக்கைக்கும் எல்லை உண்டு

வேடிக்கை என்றதும் வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்று எண்ணிவிடக் கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் விளையாட்டாகப் பேசும்போதும் உண்மையைத் தவிர வேறு பேசியதில்லை. சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகம் ஈன்ற குட்டிதானே என்று விளக்கினார்கள். சொன்னதில் பொய்யில்லை, கேட்டவருக்குச் சிரிப்பும் வந்தது. ஒருவரைப் பயமுறுத்தும் விளையாட்டையும் தடுத்திருக்கிறார்கள். ஒருவன் சாமானை ஒளித்துவைத்து அவன் பதறுவதைப் பார்த்து ரசிப்பது நம் கடைத்தெருவில் சாதாரணமாகிவிட்டது. புதிதாக வந்த கடைப்பையன்தான் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்கிறான். இதை நிறுத்த வேண்டும். நம் உம்மா ஒளித்த புளியங்கொட்டை வேறு. அது இருவரும் அறிந்த விளையாட்டு.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. மதீனாவில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்கள் அதற்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டுப் போய், நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். நம்மிடம் வந்த தச்சரும் அப்படியே. நாம் இலவசமாகக் கொடுத்த அரிசியை வாங்கமாட்டார். ஒரு தடவை வற்புறுத்திக் கொடுத்தோம். மறுநாள் ரம்பத்தோடு வந்து, நம் கடையில் பத்து வருஷமாக ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலைச் சரிசெய்துவிட்டுப் போனார். நோன்பு மாதத்தில் கப்பித்தான் பள்ளியில் காய்ச்சும் கஞ்சியை வாங்கி, நடக்க மாட்டாத முதியவர்களுக்கு அஞ்சடி அஞ்சடியாகக் கொண்டுபோய்க் கொடுக்க, நம் பிள்ளைகளோடு அவர் பிள்ளைகளும் போனார்கள். நாம் நோன்பு வைத்திருக்கும்போது நம் கண்முன் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று அந்தத் தாய் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள். நாம் கேட்காமல் செய்த மரியாதை அது.

செவ்வாய்க்கிழமை

மகன் சொன்னதைக் கேட்ட அடுத்த செவ்வாய்க்கிழமை, அஸருக்குப் பின் கடையைக் கடைப்பையன் பொறுப்பில் விட்டுவிட்டு, மகனையும் அழைத்துக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனோம். அந்தத் தமிழ்ப் பையன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. நம் சட்டையை முகர்ந்து பார்த்து, "மசாலா வாசனை" என்றான். மூன்று மாதமாக அவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ஆயிரம் வெள்ளி உறையில் வைத்து அனுப்பியிருந்தாலும் அந்த வாசனை போயிருக்குமா?

அன்று கடையில் என்ன நஷ்டம் என்று திரும்பிவந்து பார்த்தோம். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. லாபம் என்ன என்று சொல்கிறோம். போகும் வழியிலும் வரும் வழியிலும் நம் மகன் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். அவன் வகுப்பில் பக்கத்தில் உட்காருபவன் பெயர் என்ன, எந்தப் பாடம் அவனுக்கு வரவில்லை, இரவில் எதை நினைத்துப் பயப்படுகிறான் என்பதெல்லாம் அன்றுதான் நமக்குத் தெரிந்தது. பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து தெரியாதவை இவை.

ஆறு மாதம் முடிந்து அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. புறப்படும் முன் அந்த மனிதர், இல்லத்தில் மிஞ்சிய பலகையில் செதுக்கிய ஒரு புதுப் பல்லாங்குழியை உம்மாவின் கையில் கொடுத்தார். குழிகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. தச்சருக்கு அது புது வேலை. உம்மா அதைத் தடவிப் பார்த்து, "இது கோணல்; இதில் ஏமாற்ற வசதி" என்றார்கள். மொழிபெயர்த்துச் சொன்னோம். அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்பிள்ளை சிரித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மட்டும் நிற்கவில்லை. இப்போது எதிர்க்கடை முதலாளியும் உடன் வருகிறார்.

பாடத்தின் சுருக்கம்

1. கூலி கேளாமல் நம் ஊருக்கு உழைக்க வருகிறவர், எந்த மார்க்கத்தாரானாலும், நம் விருந்தாளி. சந்தேகத்தோடு வரவேற்பது விருந்தோம்பல் ஆகாது.

2. சோறும் பணமும் கொடுப்பது பாதி. உட்கார்ந்து பேசுவதும், சேர்ந்து சிரிப்பதும் மறுபாதி. மலர்ந்த முகமும் தர்மம் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

3. வேடிக்கையில் பொய்யும், பிறரைப் பதறவைப்பதும் கூடாது.

4. விருந்தாளியாகப் போனால், கொடுத்தவருக்குப் பாரமாக இராமல் கையால் ஆனதைச் செய்துவிட்டு வரவேண்டும்.

5. அந்நியருக்குக் கொடுக்கும் நேரம் வீட்டாரிடமிருந்து திருடியதாக இருக்கக் கூடாது. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரே நேரம் இரண்டு கணக்கிலும் வரவாகும்.

சகோதரர்களே! இவ்வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், கல்லாப்பெட்டியைப் பூட்டி வைத்துப் பாருங்கள். யாரிடம் போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கொடுக்கும் கையை மட்டுமின்றி, அமர்ந்து கேட்கும் காதையும் சிரிக்கும் முகத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.